தீ வந்தால் எதிர் வீடு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முந்திய ஒரு சித்திரை மாதம். எருமப்பட்டிக்கு வடக்கே, கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு சிற்றூருக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தேன். நான் பிறந்தது திருச்செங்கோடு. அங்கே மலை என்றால் எங்களுக்குக் கோயில்தான். மலை தீப்பிடிக்கும் என்பதே இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

மாசி கழிந்ததும் அந்த ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். மாடுகளை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட்டுத்தான் கட்டுவார்கள். தப்பட்டைச் சத்தம் கேட்டால் எல்லோரும் வறண்டு கிடக்கும் ஏரிக்குள் போய்விட வேண்டும். அங்கே எரிவதற்குப் புல்கூட இல்லை. இதெல்லாம் எனக்குப் புரிந்தது. ஒன்று மட்டும் புரியவே இல்லை.

“தீ வந்தா நம்மூட்டுக்குள்ள போவக்கூடாது புள்ள. எதிரூட்டுக்குப் போயி, அங்க இருக்கற உசுரைக் கூட்டிக்கிட்டு வரோணும். நம்மூட்டை அவிய பாத்துக்குவாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்ப சோறும் எதிரூட்டுலயே திங்கலாமுங்களா?” என்று கேட்டேன். அவர் சிரித்தாரே தவிர, காரணம் சொல்லவில்லை.

நானோ எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கி வளர்ந்தவள். விடுவேனா? கிணற்றடியில் கேட்டேன், களத்தில் கேட்டேன். காலங்காலமாக அப்படித்தான் என்றார்கள். எதிர் வீட்டு அக்கா மட்டும், “உனக்கு வேற வேலை இல்லையா புள்ள?” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் வீட்டில் நான் கொண்டுவர வேண்டிய உயிர், நடமாட முடியாமல் படுத்திருந்த அவள் மாமனார். என் வீட்டில் அவள் கொண்டுவர வேண்டியது, தவழத் தொடங்கியிருந்த என் பெண் குழந்தை.

அன்று வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு நாமக்கல் சந்தைக்குப் போயிருந்தார். குழந்தையைத் தூளியில் தூங்கவைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். அக்காவும் கிணற்றடியில்தான் இருந்தாள். மலைச் சரிவில் காலையிலிருந்தே புகை தெரிந்தது. திடீரென்று காற்று ஊர்ப்பக்கம் திரும்பியது. தப்பட்டை அடித்தார்கள்.

குடத்தைப் போட்டுவிட்டு இருவரும் ஓடினோம். தெருவுக்குள் நுழையும்போதே எங்கள் வரிசையின் கடைசிக் கூரை பற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. ஊராவது வழக்கமாவது! என் கால்கள் என் வாசலுக்குத்தான் திரும்பின. அக்கா என் தோளைப் பிடித்து எதிர்ப்பக்கம் தள்ளினாள்.

“நீ எங்கூட்டுக்குப் போ! கொழந்தைக்கு நானிருக்கறேன்!”

எப்படிப் போனேன் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. பெரியவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டேன். அவர் மேலே பரண்போல் இருந்த அட்டாலியைக் காட்டி, “சாமி, எம் பொட்டி, எம் பொட்டி” என்று கெஞ்சினார். திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ஏரிக்குள் அவரை இறக்கிவிட்டுப் பார்த்தேன். அக்காவைக் காணோம். தெருமுனையில் சோளத்தட்டுப் போர் பற்றி வழியை மறித்துவிட்டது என்றார்கள். மறுபடி ஊருக்குள் ஓடப் போன என்னை இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அக்காவை நான் திட்டாத திட்டில்லை. என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்துவிட்டாளே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். ஊர் வழக்கத்தையும் சபித்தேன்.

கடைசியில் ஊருக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள், தலைமுடி கருகி, இடுப்பில் என் குழந்தையோடு. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

எங்கள் வரிசை முழுக்கச் சாம்பலாகிவிட்டது. அவள் வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவரின் பெட்டிகூட அட்டாலியில் அப்படியே இருந்தது. அவள் நுழைந்து வந்த வீடுதான் எரிந்தது.

சில நாள் கழித்து என் பழைய குணம் தலைதூக்கியது. அக்காவிடம் கேட்டேன்:

“ஏனுங்கக்கா, தூளிக்குப் பக்கத்துலயே எங்க நகைப் பொட்டி இருந்துச்சே, பாக்கலீங்களா?”

அவள் விழித்தாள். “பொட்டியா? கொழந்தையத் தவிர எனக்கு ஒண்ணுமே தெரியல புள்ள.”

எனக்குப் பெரியவரின் கெஞ்சல் ஞாபகம் வந்தது. அது என் காதில் விழத்தான் செய்தது, மனசில் விழவில்லை. அதன் பிறகு அந்த வழக்கத்துக்கு நான் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

அந்த மகளுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கிறார்கள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அன்று என் வீட்டுக்குள் நானே ஓடியிருந்தால் என் கை முதலில் தூளிக்குப் போயிருக்குமா, பெட்டிக்கா? எல்லாவற்றுக்கும் பதில் கேட்டே வளர்ந்த நான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியாமலே கண்ணை மூடினால் போதும் என்று இருக்கிறேன்.