வேனம்மா குகையைக் கடந்தது

வேனம்மா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், அதனால் வேனம்மா. அவளுடைய கணவர் கடைத்தெருவுக்குப் போனால்கூட ‘வேனம்மா வீட்டுக்காரர்’ என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ராத்திரி முழுக்க அடுப்படியில் வெந்து தெருவுக்கே ரொட்டி சுட்டுப் போடுகிற தன்னை ஒருவராவது ரொட்டிக்காரர் என்று கூப்பிடுகிறார்களா என்பார். நாம் கூப்பிடுவோம்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால், பள்ளி விடும் நேரம் வரைக்கும் வேனம்மாவின் பொழுது அவளுக்கே. டிவி முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவாள். ஆடுவதோடு நிறுத்தமாட்டாள். அதை லேப்டாப்பில் பதிவு செய்துகொண்டே, சட்டையில் குத்திய சின்ன மைக்கில் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு போவாள். “பாலத்துக்கு வந்துட்டேன். ஒரு பக்கம் கைப்பிடி உடைஞ்சு தொங்குது. கீழ ஆறு. தண்ணி பச்சையா, கழுவாத பாட்டில் மாதிரி இருக்கு.”

இதெல்லாம் ஊர் உலகம் பார்ப்பதற்காக அல்ல. கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் உண்டு, வேறொரு ஊரில் இருக்கும் அவளுடைய தம்பி. அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தவன். கண் நரம்பில் வந்த நோய் முதலில் ஓரங்களைத் தின்றது, பிறகு நடுவையும் தின்று முடித்தது. இப்போது அவனுக்கு வெளிச்சம் இருட்டு வித்தியாசம்கூடத் தெரியாது.

அந்தக் கேம் பெட்டியும் தம்பியுடையதுதான். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைநாளில் வேனம்மாவின் வண்டி வழுக்கிச் சுவரில் மோதியது. நல்லவேளை, வண்டியில் பிள்ளைகள் யாரும் இல்லை. அவளுக்கு இரண்டு கை எலும்பும் உடைந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். மாவுக்கட்டைவிட மோசம் பயம். இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் தம்பி ஒரு பையில் கேம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவன் ஆடுவான், அவள் பார்ப்பாள். வழி பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்பான்:

“எந்தப் பக்கம்க்கா?”

“எனக்கென்னடா தெரியும்?”

“நீதானே டிரைவரு. சொல்லு.”

அவள் சொன்ன பக்கம்தான் போவான். தப்பாகச் சொன்னாலும் போவான், செத்து விழுந்து மறுபடி வருவான், திரும்பவும் கேட்பான். கட்டுப் பிரிக்கிற சமயத்தில் வலமா இடமா என்று முடிவு செய்வது அவளுக்கு மறுபடி பழகிப்போயிருந்தது. வேனில் ஏறி உட்கார்ந்தாள். வெகுநாள் கழித்து அவனுடைய சிநேகிதன் ஒருவன் போட்டுக் கொடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தம்பி அந்த ஆட்டத்தில் குகை வரைக்கும் முன்பே ஆடியவன். ஒவ்வொரு திருப்பமும் அவனுக்கு மனப்பாடம்.

குகையைத் தாண்டி மட்டும் அவனுக்கும் தெரியாது. அதுதான் கடைசிக் கட்டம். திரை முழுக்கக் கும்மிருட்டு. எங்கோ தூரத்தில் கடல் இரைகிறது, அந்த இரைச்சல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். தப்பினால் பள்ளம், பிறகு குகை வாசலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு அக்காவும் தம்பியும் எத்தனையோ முறை விழுந்தார்கள். அதற்குள் அவனுக்கு அச்சகத்தில் வேலை கிடைத்து ஊரை விட்டுப் போனான். பெட்டி பரணில் ஏறியது.

அவனுக்குக் கண் போனபிறகு வேனம்மாதான் அதைக் கீழே இறக்கினாள். முதலிலிருந்து ஆடி, ஒவ்வொரு பகுதியாகப் பதிவு செய்து அனுப்பினாள். அவன் ஹெட்போன் மாட்டிக் கேட்டுவிட்டு, பழைய தொழில் விடாமல், குரல் செய்தியில் பிழை திருத்தி அனுப்புவான். “ரெண்டாவது கோட்டை வாசல்ல ‘பெரிய கதவு’ன்னு மூணு தடவ சொல்லிட்ட. பெருசுன்னா எவ்ளோ? மாமா குனியணுமா, குனிய வேணாமா?” அந்த ஆட்டத்தைக் கேட்கிற நேரத்தில்தான் அவன் சிரிக்கிறான் என்று அவனுடைய மனைவி வேனம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். மற்ற நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறானாம்.

ஒரு நாள் அவன் கேட்டான். “அக்கா, பின்னாடி யாரு அப்பளம் பொரிக்கிறது?”

லேப்டாப்பின் உள்ளே சுற்றும் விசிறிதான் அந்தச் சத்தம். பழைய லேப்டாப், மூச்சு வாங்கும். வேனம்மா டிரைவர் மூளையோடு யோசித்தாள்: சத்தம் போடுகிற ஆளைக் கடைசி சீட்டுக்கு அனுப்பு. கேம் பெட்டியின் பின்னால் குத்துகிற சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களுக்கு நீளமாக ஒட்டுப்போட்டு, மைக் வயரையும் நீட்டி, கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். லேப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்து, அந்த அறை பிளக்கிலேயே சார்ஜரையும் குத்தினாள். கதவைச் சாத்தினாள். படுக்கையறையில் பகலெல்லாம் தூங்குகிற ரொட்டிக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

“உன் தம்பிக்காக நான் இதோட குடும்பம் நடத்தணுமா?”

“அது உங்கள மாதிரி குறட்டை விடாது. படுங்க.”

அப்பளம் நின்றது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. அடுத்த பதிவிலேயே ‘ஙீஈஈ’ என்று ஒரு ரீங்காரம், ஆரம்பத்திலிருந்து முடிவுவரை. கத்திச்சண்டையும் குதிரைக் குளம்பும் அதைத் தாண்டிக் கேட்டன. மெல்லிய சத்தங்கள் எல்லாம் அதற்குள் மூழ்கிப் போயின. “தேன்கூட்டுக்குள்ள உக்காந்து ஆடுறியாக்கா?” என்றான் தம்பி.

அதே வாரம்தான் அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே உள்ள கீழ்க்கடையில் புது ஃப்ரீசர் வந்து இறங்கியிருந்தது. வேனம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. நேரே இறங்கிப் போய் நின்றாள். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

“உங்க தம்பி எங்க இருக்காரு?”

“வெளியூர்ல.”

“வெளியூர்ல இருக்கறவருக்கு என் ஃப்ரீசர் சத்தம் கேக்குதா?”

“ஆமா.”

“என் வீட்டம்மாவுக்கு நான் பக்கத்துல நின்னு பேசினாலே கேக்கறதில்ல,” என்றபடி அவர் பிளக்கைப் பிடுங்கினார். ஐஸ்கிரீம் இளகத் தொடங்கும்வரை தாங்கினார். பதிவில் ரீங்காரம் அப்படியே இருந்தது. அவர் கோபப்படவில்லை. இளகினதை வேனம்மா தலையில் கட்டவுமில்லை. வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

பிறகு வேனம்மா வீட்டுக்குள் வேட்டையாடினாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜை நிறுத்தி, மறுபடி போட மறந்து, பாலைக் கெட்டுப்போக விட்டாள். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, வியர்த்து வழிய, “இப்ப வலது பக்கம் ஒரு கோபுரம்” என்று சொல்லிப் பார்த்தாள். ரீங்காரம் போகவில்லை. நேரில் காதைத் தீட்டிக் கேட்டால் வீட்டில் அப்படி ஒரு சத்தமே இல்லை, அது பதிவில் மட்டும்தான் வந்தது.

இப்படியே ஆடி ஆடிக் குகை வாசலுக்கு வந்துவிட்டாள். அங்கேதான் சிக்கல். அவளுக்குக் குகை பிடிபடாது. அந்தக் கடல் எந்தப் பக்கம் இரைகிறது என்று எவ்வளவு கேட்டாலும் அவளுக்குத் தெரிவதில்லை. தம்பிக்குத் தெரியும், அவன் இப்போது காதால் வாழ்கிறவன். குகையில் வழி பிரிகிற இடத்தில் நின்று, நாலாபக்கமும் மெதுவாகத் திரும்பிப் பதிவு செய்து அனுப்பினால் அவன் வழி சொல்வான். அப்படித்தான் இரண்டு பேரும் திட்டம் போட்டிருந்தார்கள். நேரடியாக போனில் கூப்பிட்டுக் கேட்கவைத்தும் பார்த்தார்கள். போனுக்கு மனிதக் குரல்தான் முக்கியம், கடலை அது குப்பை என்று கழித்துவிட்டது. பதிவில் கேட்டாலோ கடல் முழுக்கத் தேனீ.

தம்பி ஒரு செய்தி அனுப்பினான். குரலில் கேலி இல்லை.

“விடுக்கா. இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்ததே பெருசு. நீ பாட்டுக்கு விழுந்து எழுந்து முடிச்சிரு. முடிஞ்சதும் என்ன இருந்துச்சுன்னு போன்ல சொல்லு, போதும். அனுப்பிக்கிட்டுக் கஷ்டப்படாத.”

வேனம்மா அதை வேனில் உட்கார்ந்து கேட்டாள். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. அன்று மாலை வேனில் பிள்ளைகள் வழக்கத்தைவிட அமைதியாக வந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “நீங்க இன்னைக்கு யாரையும் திட்டல, பயமா இருக்கு” என்றாள் ஒரு சின்னப் பெண்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டாள். “முடியாது. நீ இல்லாம நான் குகைக்குள்ள போகமாட்டேன். அந்த இரைச்சலப் பத்தி உனக்கு என்னென்ன தோணுதோ எல்லாத்தையும் சொல்லு. பிழை திருத்து.”

அவன் சொன்னான். “ஒண்ணு கவனிச்சேன். நீ ஆட்டத்துல மேப் திறக்கும்போதெல்லாம் அது ஏறுது. மூடினா இறங்குது. நீ ‘மேப் பாக்கறேன்’னு சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடுது.”

“அதனால?”

“கீழ்க்கடை ஃப்ரீசருக்கு நீ மேப் திறக்கறது எப்படிக்கா தெரியும்?”

வேனம்மாவுக்கு உறைத்தது. வண்டியில் சத்தம் வந்தால் அவள் முதலில் பார்ப்பது அதைத்தான். வேகம் கூடக் கூடச் சத்தம் கூடுகிறதா, நின்றாலும் கத்துகிறதா? எதோடு சேர்ந்து ஏறுகிறதோ அதில்தான் கோளாறு. மறுநாள் மைக்கையே கழற்றிவிட்டுப் பதிவு செய்தாள். அவள் குரல் இல்லை, ரீங்காரம் இருந்தது. அப்படியானால் அது அறையில் இல்லை. கேம் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வயருக்குள் ஓடுகிறது. புது வயர் வாங்கி மாற்றினாள். ரீங்காரமும் புது வயருக்குக் குடிமாறி வந்தது.

அந்தப் பதிவையும் அனுப்பினாள். அவன் உடனே கூப்பிட்டான்.

“நடுவுல என்ன பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“பொய் சொல்லாத. நீ குகை வாசல் கயித்து ஏணி ஏறும்போது சட்டுனு நின்னுபோச்சு. அப்புறம் கடைசிவரைக்கும் இல்ல. ஏணிக்கு மேல காக்கா கத்துச்சு பாரு, இறக்கை சத்தம்கூடக் கேட்டுச்சு.”

வேனம்மா கன்ட்ரோலரைத் தவிர எதையும் தொடவில்லை. போனைத் துண்டிக்காமல் கையில் பிடித்தபடி எழுந்து போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். ரொட்டிக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த போனிலிருந்து ஒரு வயர் பிளக்குக்குப் போனது. லேப்டாப் சார்ஜர் தரையில் கிடந்தது.

“இத எப்பப் பிடுங்கினீங்க?”

அவர் குற்றவாளியைப்போல நிமிர்ந்து உட்கார்ந்தார். “போன்ல சார்ஜ் இல்ல. ரெண்டு நிமிஷம்தான். அதுக்குத்தான் பேட்டரி இருக்கே, ஓடிக்கிட்டுதானே இருக்கு?”

அவள் சார்ஜரைத் திரும்பக் குத்திப் பதிவு செய்தாள். தேனீ வந்தது. பிடுங்கினாள், போனது. கேம் பெட்டி ஹால் பிளக்கில், லேப்டாப் படுக்கையறை பிளக்கில். இரண்டும் வேறு வேறு திசையிலிருந்து கரண்ட் குடித்துக்கொண்டு, நடுவில் அந்த நீள வயரால் கைகோத்து நின்றிருக்கின்றன. அந்த வளையத்துக்குள்தான் ரீங்காரம் சுற்றியிருக்கிறது. அப்பளச் சத்தத்தை விரட்டுவதற்காக லேப்டாப்பை அறை மாற்றியது யார்? அவளேதான்.

“திட்டப்போறியா?” என்றார் ரொட்டிக்காரர்.

வேனம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “உங்க போன் எப்பவும் சார்ஜ் இல்லாமலே இருக்கட்டும்.”

“சாபமா, ஆசீர்வாதமா?” என்று கேட்டுவிட்டு அவர் போனில் இருந்த தம்பியின் காதில் விழும்படி உரக்கச் சொன்னார். “மாப்ள, கண்டுபிடிச்சது நான். குறிச்சு வச்சுக்க.”

லேப்டாப் ஹாலுக்குத் திரும்பியது. கேம் பெட்டி, டிவி, லேப்டாப் மூன்றும் ஒரே பிளக் பலகையில் குத்தப்பட்டன. நீள வயர் போய்க் குட்டை வயர் வந்தது. லேப்டாப்பை மடித்த கம்பளியின் மேல் சோபாவுக்குப் பின்னால் வைத்தாள். அப்பளம் லேசாகப் பொரிந்தது. “அது இருக்கட்டும்க்கா, வீட்டுச் சத்தம்தானே” என்றான் தம்பி.

குகைக்குள் போனார்கள். ஒவ்வொரு பிரிவிலும் அவள் நின்று, மெதுவாகச் சுற்றித் திரும்பி, “எந்தப் பக்கம்டா?” என்று கேட்டுப் பதிவை அனுப்புவாள். மறுநாளைக்குள் பதில் வரும். “இடது. வலது பக்கம் கேக்கறது கடல் இல்ல, எதிரொலி.” “நேரா. காலடில தண்ணி சொட்டுது, ஓரமாவே போ.” ஒரு தடவை அவன் சொன்னதும் தப்பாகிப் பள்ளத்தில் விழுந்தாள். “மன்னிச்சுக்கோக்கா” என்றான். “நான் எத்தன தடவ உன்னத் தள்ளிவிட்டிருக்கேன், கணக்குத் தீரலடா” என்றாள். வேனம்மா குகைக் கதையைப் பிள்ளைகளிடமும் சொல்லிவந்தாள். மாலையில் வேனில் ஏறுகிறவர்கள் முதலில் கேட்பதே, “தம்பி மாமா என்ன சொன்னாரு?” என்றுதான்.

கடைசிப் பிரிவுக்கு வந்தபோது வலது பக்க வழியின் முடிவில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. ஊசித் துவாரம் அளவுக்கு. சந்தேகத்துக்கே இடமில்லை. வேனம்மாவின் விரல் கன்ட்ரோலரின் மேல் தயங்கி நின்றது. அவள் நகரவில்லை. வழக்கம்போல நாலாபக்கமும் மெதுவாகத் திரும்பினாள்.

“எந்தப் பக்கம்டா?”

பதில் அன்றைக்கே வந்தது.

“வலது. காத்து வருது.” அவன் சிரிப்பதைப்போல ஒரு மூச்சு. “உனக்கு வெளிச்சம் தெரியுது, இல்ல? இவ்ளோ நாளா எங்க நின்னாலும் ‘ஒரே இருட்டு, ஒரே இருட்டு’ன்னு பொலம்புவ. இங்க மட்டும் சொல்லவே இல்ல.”

அவள் அந்தச் செய்தியை இன்னொரு முறை கேட்டாள். தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டில் பழைய எலும்பு ஒட்டின மேடு இன்னும் இருக்கிறது. பதிவை ஓடவிட்டு, மைக்கில் சொன்னாள்:

“தெரியுதுடா. உனக்கும் அன்னிக்கு எல்லாத் திருப்பமும் தெரியுமாமே?”

பிறகு வலது பக்கம் நடந்தாள். குகை முடிந்தது, திரை வெளுத்தது, கடல் வந்தது. எவ்வளவு பெரியது, என்ன நிறம், மாமா குனியணுமா வேண்டாமா எல்லாவற்றையும் அவள் சொல்லத்தான் வேண்டும், சொல்லவும் செய்தாள். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல், அவன் கேட்கட்டும் என்று அலையை விட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவில் அலைக்கு நடுவே, உள்ளறையிலிருந்து ரொட்டிக்காரரின் குறட்டையும் கேட்கும். தம்பி எத்தனையோ பிழை திருத்தினான். அதை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை.