மாட்டை விற்று வாங்கிய வண்டி

எங்கள் வீட்டில் ஒரு டீசல் பிக்கப் வண்டி இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. இருந்தது. வெள்ளை வண்டி. பின்கதவில் மட்டும் பழைய முதலாளி அடித்த பச்சை பெயின்ட். ஆந்திராவில் வடமாலபேட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு வந்த முதல் நாலு சக்கர வண்டி அதுதான். அம்மா வளர்த்த இரண்டு கறவை மாடுகளை விற்றுத்தான் அப்பா, எங்களுக்கு நைனா, அதை வாங்கினார். மாடுகள் போன அன்று அம்மா சாப்பிடவில்லை. வண்டி வந்த அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும் அம்மாதான்.

ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. சொந்த வண்டி இருந்தால் போதும், லோடு தானாக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாங்காய் சீசன் முடியும் வரைக்கும் வந்தது. பிறகு நின்றுவிட்டது. நைனா ஹைவே ஓரத்து நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் கூலி வேலைக்குப் போனார். நடந்தே போகிற தூரம்தான். வண்டி வாசலில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்டியே நிறுத்தி வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? கறவ மாட்ட கறக்காம வுட்டா மடி கட்டிக்கும். வண்டியும் அப்டித்தான். தெனமும் கொஞ்சம் ஓட்டு."

"இது இன்னா உன் லட்சுமியா, காலைல செம்பு எடுத்துக்கினு வர்றதுக்கு?" என்று நைனா சிரித்தார். லட்சுமி, விற்றுவிட்ட மாடுகளில் ஒன்று.

"சிரி, சிரி. லட்சுமி ஒரு நாளும் என்ன கைவுட்டதில்ல."

சிரித்தாலும் நைனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அவர் முன்பு அடுத்தவர் லாரியில் டிரைவராக இருந்தவர். கிளம்பினால் வேறு மாநிலம் போய்த்தான் நிற்கிற லாரி. சும்மா நின்று கெட்டுப்போகும் வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். கொஞ்சமாக ஓடிக் கெட்டுப்போகும் வண்டியைப் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து நர்சரிக்கு வண்டியிலேயே போனார். வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். ஏரிக்கரை தாண்டியதும் சாலை சரிவு. அங்கே டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிடுவார். வண்டி சத்தமில்லாமல் மிதந்துகொண்டு போகும். எனக்கு அதுதான் பிடிக்கும். பள்ளிக்கூட வாசலில் பையன்கள், "கலெக்டர் கொடுக்கு ஒச்சாடுரா!" என்று தெலுங்கில் கத்துவார்கள். கலெக்டர் மகன் வந்துவிட்டானாம். நான் நிஜமாகவே கலெக்டர் மகனைப் போலக் கையை வீசி இறங்குவேன். சாயங்காலம் அம்மா வண்டியின் முன்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பாள். லட்சுமியின் நெற்றியைத் துடைத்த அதே கை.

மழைக்காலம் போய், பனிக்காலமும் போனது. ஒரு நாள் காய்கறி காண்டிராக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஸ்ரீ சிட்டி கேன்டீன்களுக்குத் தினமும் காய்கறி ஏற்றிப்போக அவருக்கு வண்டி வேண்டும். வாசலில் நின்றபடியே தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார்.

"நாளைக்கு ஒரு ட்ரிப் போட்டுப் பாரு. டைமுக்கு வந்துட்டா தினமும் நீதே. லேட் அயிதே, மறுபடி என் மூஞ்சில முழிக்காத."

"வண்டி கண்டிஷனா கீதுண்ணா. ஒரு நாளு கூட நிறுத்தாம ஓட்டிக்கினு கீறேன்" என்றார் நைனா. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அடுப்பில் பாயசம் கொதித்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் தக்காளியும் கத்தரிக்காயும் மூட்டை மூட்டையாக ஏறியிருந்தன. புத்தூர் வரை நைனா பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினார். அதைத் தாண்டி ஒரு மேடு. அங்கே வண்டி கரும்புகை விட்டது. நைனா பாட்டை நிறுத்தினார். கியரை மாற்றினார், மறுபடி மாற்றினார். உள்ளே ஏதோ கடகடவென்று அடித்தது. பிறகு ஒரே இழுப்பில் எஞ்சின் நின்றுவிட்டது. அப்புறம் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்தது.

பக்கத்திலிருந்து வந்த மெக்கானிக் அடியில் படுத்து ஆயிலை இறக்கினார். அது ஆயிலாக வரவில்லை. கறுப்புக் கூழாக வந்தது.

"இன்னாபா இது, வண்டிய இவ்ளோ நாளா எங்க ஓட்டுன?"

"தெனமும் ஓட்டுனேண்ணா. நர்சரி வரைக்கும்."

"அது எவ்ளோ தூரம்?"

நைனா சொன்னார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார். "டீசல் எஞ்சின் சூடாவறதுக்குள்ளயே தெனமும் அணைச்சிக்கீற. கரியும் தண்ணியும் உள்ளயே தங்கி ஆயில் கூழாயிடுச்சி. லோடு ஏத்தி மேட்ல இழுத்ததும் ஆயில் போவாம எஞ்சின் புடிச்சிக்கிச்சி. சும்மா நிறுத்தி வெச்சிருந்தா கூட இந்தக் கதி வந்திருக்காது."

வேறொரு வண்டி வந்து மூட்டைகளை மாற்றி ஏற்றிக்கொண்டு போனது. போன் செய்த காண்டிராக்டர் நைனாவைப் பேசவே விடவில்லை. டிராக்டரில் கயிறு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தோம். எஞ்சின் அணைந்த வண்டியில் போவது எனக்குப் பிடிக்கும் என்றேனே, அன்று வழி நெடுகப் பிடிக்கவில்லை.

அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள். "இன்னா ஆச்சி?"

நைனா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். திரும்பாமலே சொன்னார்: "பழைய எஞ்சின்மே. அதுக்கு ஆயுசு அவ்ளோதான்."

நான் வாயைத் திறந்தேன். நைனா என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"தெனமும் பச்சப் புள்ளயாட்டம் பாத்துக்கினோமே" என்று அம்மா பானெட்டின் மேல் கையை வைத்து அழுதாள்.

காலையில் அவளே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரு வாட்டி போட்டுப் பாரு. அப்டியே வுட்டுடாத. வுட்டா மடி கட்டிக்கும்."

நைனா மறுபேச்சுப் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். டக். சிறிது நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்துவிட்டு இறங்கி, நர்சரிக்கு நடந்து போனார். மறுநாளும் அப்படித்தான். பழைய இரும்புக்காரர் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும் வரைக்கும், அம்மா சாவியைக் கொடுப்பதும் நைனா ஏறி உட்கார்ந்து திருப்புவதும் நிற்கவே இல்லை.

நான் புத்தகப் பையோடு பக்கத்தில் நின்று பார்ப்பேன். அந்த மெக்கானிக் அவ்வளவு தெளிவாகச் சொன்னதை நைனா எப்படி மறந்தார் என்று அப்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.