ஜாந்திரா வைத்த கெடு

குரிச்சிபா நகரத்தில் ஜாந்திரா வோஸ்னியாக்கைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அவளுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது என்பார்கள். லாரி ஓட்டும் கணவன் ஒசோரியோ துறைமுகத்திலிருந்து திரும்பக் கொஞ்சம் பிந்தினால் போதும். முதலில் அவனுக்குப் போன், அப்புறம் சுங்கச்சாவடிக்குப் போன், அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு. ஒருமுறை வழியில் அவன் நிம்மதியாக வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெடுஞ்சாலைப் போலீஸ் வந்து, "வீட்ல உங்களத் தேடுறாங்க" என்று சொல்லி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனது. இப்பேர்ப்பட்டவளுக்கு வயிற்றுப்பாட்டுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது.

கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் கெர்னல் என்று ஒரு நிரல் இருக்கிறது. இதைக் கொண்டுவா, அதை எழுதிவை என்று டிஸ்க்குக்கு ஓயாமல் கோரிக்கை அனுப்புவது அதுதான். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தாண்டியும் பதில் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுப்பதா, கோரிக்கையைக் கைவிடுவதா, டிஸ்க் செத்துவிட்டது என்று தலைமுழுகுவதா? அதைத் தீர்மானிக்கும் பகுதிதான் ஜாந்திராவின் வேலை. விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் பிரிண்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவள், உலகம் முழுக்க இருக்கும் கெர்னல்காரர்கள் மெயிலில் போடும் சண்டைகளைப் படித்தே இதைக் கற்றுக்கொண்டாள். அங்கே எதைத் திருத்தினாலும் எல்லோரும் பார்க்க மெயிலில் அனுப்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம். இவளுடையதும் நிறையக் கிழிந்திருக்கிறது. இவள் பகுதிக்கு வரும் திருத்தங்களைச் சேர்ப்பதும் எடுப்பதும் சிலியில் வால்திவியா ஊரில் இருக்கும் அனிபால் ஒயார்சூன் என்பவரின் பொறுப்பு. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

கோரிக்கையைக் கைவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. கெர்னல் கைவிட்ட பிறகு டிஸ்க் சாவகாசமாகப் பதிலைக் கொண்டுவரும். அந்தப் பதிலுக்கென்று ஒதுக்கிய இடத்தில் அதற்குள் வேறு தகவல் குடியேறியிருக்கும். இது அதன் தலைமேல் போய் உட்காரும். அந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான் ஜாந்திரா மூன்று வருஷம் மல்லுக்கட்டினாள். கடைசியில் அனிபால் அந்தத் திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டார். அன்றைக்கு அவள் தெருவுக்கே கேக் வாங்கிக்கொடுத்தாள்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் எட்மில்சன் கூப்பிட்டான். கூட்டுறவுச் சங்கத்தில் அவளோடு வேலை பார்த்தவன். இப்போது போன்தா க்ரோசாவில் ஒரு ரத்த வங்கியின் கம்ப்யூட்டர்கள் அவன் பொறுப்பு. பழைய டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறான் என்று தன் புதிய கெர்னலை அவனுக்கு அவள்தான் கொடுத்திருந்தாள்.

"ஜாந்தி, உன் கெர்னலப் போட்டதுலேர்ந்து டிஸ்க் வெளிய போயிட்டுப் போயிட்டு வருது."

"எந்தக் கோரிக்கை கெடு தாண்டுது?"

"எந்தக் கோரிக்கை தாண்டலன்னு கேளு. ஒண்ணு தாண்டுச்சுன்னா பின்னாடியே ஊர்வலமா தாண்டுது. கெர்னலும் டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிக் கையக் கழுவிருது."

ஜாந்திராவுக்கு உடனே தன் திருத்தத்தின் மேல்தான் சந்தேகம் போனது. அடைத்ததாக நினைத்த ஓட்டையைத் தானே பெரிதாக்கிவிட்டோமோ? அப்படியானால் ஒருவருடைய ரத்தப் பிரிவு இன்னொருவர் பெயரில் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆராயவில்லை, விசாரிக்கவில்லை. 'என் திருத்தத்தை எடுத்துவிடுங்கள், தப்பு என்னுடையது' என்று அனிபாலுக்கு ஊரறிய மெயிலைத் தட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

ரத்த வங்கியின் தலைமை நர்ஸ் டோனா சுல்மிரா அதற்குள் கம்ப்யூட்டரை நம்பாதீர்கள் என்று உத்தரவு போட்டிருந்தார். குளிர் அறையில் இருந்த அத்தனை பைகளையும் மறுபடி சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு பையில பிரிவு மாறியிருந்தாலும் நான் சும்மா விடமாட்டேன்" என்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார். திட்டியிருந்தால் ஜாந்திராவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

எட்மில்சன் அவளைச் சர்வர் முன்னால் உட்காரவைத்தான். கெடு தாண்டும்போதெல்லாம் எந்தக் கோரிக்கை, எப்போது கிளம்பியது, எங்கே நின்றது என்று பக்கம் பக்கமாகச் செய்தி சொல்லும்படி ஜாந்திரா எழுதியிருந்தாள். அதெல்லாம் ஒரு பழைய கம்பி வழியாகப் பக்கத்துத் திரையில் ஊர்ந்து வந்தது.

"ஒரு எழுத்து விடாம வருது பாரு" என்றான் பெருமையாக. மத்தியானம்வரை படித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் சமையலறையில் மாத்தே என்னும் இலைத் தேநீரைச் சுற்றுவிட்டுக் குடிக்க உட்கார்ந்தார்கள். சுற்றுக்கு ஒரே சுரைக்குடுக்கைதான். ஒருவர் குழலால் உறிஞ்சிக் காலி செய்து கொடுத்தால்தான், எட்மில்சன் வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு நீட்ட முடியும். குடுக்கை ஜாந்திரா கைக்கு வந்தது. அவள் தன் தவிப்பை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பையெல்லாம் என்ன ஆகுமோ, மூன்று வருஷ உழைப்பு என்ன ஆகுமோ என்று சொல்லச் சொல்ல நீண்டது.

டோனா சுல்மிரா பொறுத்துப் பார்த்தார். "ஜாந்திரா, உன் கையில இருக்கறது மைக் இல்லம்மா. குடிச்சிட்டுக் குடு, அப்புறமா அழு. நாங்கள்லாம் நாக்கு வறண்டு உக்காந்திருக்கோம்."

குடுக்கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களை அந்தப் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் கிண்டல் செய்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஜாந்திரா சிரிக்கவில்லை. குடுக்கையையே பார்த்தாள்.

"நான் பேசி முடிக்கற வரைக்கும் யாருக்கும் கிடைக்காது" என்றாள்.

"அதத்தானே நானும் சொல்றேன்."

அவள் எழுந்து சர்வர் அறைக்கு ஓடினாள். "ஏய், குடுக்கைய வச்சிட்டுப் போ" என்று எட்மில்சன் பின்னாலேயே ஓடினான்.

விஷயம் இதுதான். டிஸ்க்குகளில் ஒன்று கிழடு. தூங்கி எழ நேரமெடுக்கும். அதனால் எப்போதாவது ஒரே ஒரு கோரிக்கை கெடு தாண்டும். உடனே ஜாந்திராவின் செய்தி, மற்ற பதில்களுக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு, ஆமை வேகக் கம்பியில் தன் கதையைச் சொல்ல ஆரம்பிக்கும். டிஸ்க் கொண்டுவந்த பதில்கள் கதவுக்கு வெளியே நிற்கும். அவற்றுக்கும் கெடு தாண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் இன்னொரு கதை. டிஸ்க் எல்லாவற்றையும் கொண்டுவந்துதான் இருந்தது. கெர்னலுக்குத்தான் வாங்க நேரமில்லை.

அந்தச் செய்திகள் அனிபாலுக்கு அனுப்பிய திருத்தத்தில் இல்லை. தான் பார்ப்பதற்காக எழுதியதை எட்மில்சனுக்குக் கொடுத்த கெர்னலிலிருந்து எடுக்க மறந்திருந்தாள், அவ்வளவுதான். எடுத்துவிட்டுச் சர்வரை மறுபடி கிளப்பினாள். கிழட்டு டிஸ்க் தூங்கும்வரை விட்டு எழுப்பினார்கள். ஒரு கோரிக்கை கெடு தாண்டியது. கெர்னல் இன்னும் கொஞ்சம் பொறுத்தது. பதில் வந்தது. மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

டோனா சுல்மிரா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "எல்லாப் பையும் பாத்தாச்சு. கம்ப்யூட்டர்ல இருக்கறதும் பையில இருக்கறதும் ஒண்ணுதான். ஒண்ணுகூட மாறல."

ஜாந்திரா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு நிம்மதி. அவள் எழுதிய அடைப்பு அத்தனை களேபரத்திலும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. எட்மில்சன் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைத் தட்டினான்.

அழுது முடித்ததும் காலையில் அனுப்பிய மெயில் ஞாபகம் வந்தது. பதறிப்போய் அதைத் திறந்தாள். அனிபாலின் பதில் எப்போதோ வந்திருந்தது.

'ஜாந்திரா, எதையும் எடுக்கவில்லை. உன்னிடமிருந்து இப்படி மெயில் வந்தால் சாயங்காலம்வரை கெடு வைத்துக் காத்திருப்பது என் வழக்கம். அதற்குள் நீயே மறு மெயில் போட்டுவிடுவாய். இதுவரை ஒருமுறையும் கெடு தாண்டியதில்லை.'

படித்துவிட்டு, ஆறிப்போன மாத்தேயை ஒரு வார்த்தை பேசாமல் கடைசிவரை உறிஞ்சிக் குடித்துவிட்டு, குடுக்கையை எட்மில்சனிடம் நீட்டினாள்.