காய்த்ததை வெட்ட மனம் வராத எங்கள் அண்ணா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளில் பலர் அண்ணாவின் தோட்டத்தைப் பார்த்ததில்லை. வைன் செய்கிற திராட்சை என்பதால் சிலருக்கு அங்கு வர மனமில்லை. அண்ணா அதைக் குறையாகச் சொன்னதுமில்லை. அவர் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், அங்கே அவர் பட்ட பாட்டைத் தங்கையாகிய நான் எழுதத்தான் வேண்டும்.

அண்ணா உரும்பிராயில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். அப்பாவை இளவயதில் இழந்த எனக்கு அவரே அப்பாவானார். போரின் கடைசி மாதங்களில் வன்னியில் அகப்பட்டார். கஞ்சிக்கு நின்ற வரிசையிலேயே தன் உற்ற நண்பனை எறிகணைக்குப் பறிகொடுத்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் கனடாவுக்கு வந்த பின்னும் அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நான் கண்டதில்லை.

மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் இருந்துகொண்டு மிசிசாகாவில் பொதி கட்டும் வேலைக்குப் போனார். அண்ணி இங்கே கல்லூரியில் திராட்சைச் செய்கை படித்தவர். இருவரும் பல ஆண்டுகள் சேமித்து நயாகராப் பக்கம் ஒரு சிறிய பழைய தோட்டத்தை வாங்கினார்கள்.

முதல் கோடையில் கொடிகள் தாங்க முடியாத அளவுக்குக் காய்த்தன. அண்ணி சொன்னார், "இஞ்சேருங்கோ, பாதிக் குலையை இப்பவே வெட்டி விடவேணும். எல்லாத்தையும் விட்டா ஒண்டும் பழுக்காது. சாறு தண்ணியாத்தான் வரும்."

"காய்ச்சுக் கிடக்கிறதை வெட்டி மண்ணில போடச் சொல்லுறீரோ? என்னால ஏலாது."

"இது சாப்பாட்டை எறியிறது இல்லையப்பா. மிச்சத்தைப் பழுக்க வைக்கிறது."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான்" என்று சொல்லிவிட்டு அண்ணா எழுந்து போனார். அண்ணி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. குலைகளை மறைத்த இலைகளைக் கிள்ளி வெயில் விடுவதற்கும் அந்த ஆண்டு ஆள் போதவில்லை.

இலையுதிர் காலத்தில் வைன் ஆலையிலிருந்து வந்தவர் பழத்தைப் பிழிந்து பார்த்தார். சாற்றில் இனிப்பு ஏறவில்லை. புளிப்பு இறங்கவில்லை. நிறம் வெளிறிக் கிடந்தது. நிழலில் வளர்ந்த பழத்தில் பச்சைக் கறிமிளகாய் மணம் அடித்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அண்ணா வெட்ட மறுத்த குலைகள் அத்தனையும் கொடியிலேயே அழுகின.

அதோடு முடியவில்லை. அவ்வளவு காயையும் சுமந்த கொடிகளில், குளிரைத் தாங்கச் சத்து மிஞ்சியிருக்கவில்லை. அந்த மாரி கொடூரமான உறைகுளிர். வசந்தத்தில் பக்கத்துத் தோட்டங்கள் துளிர்த்தபோது அண்ணாவின் கொடிகள் தண்டு வெடித்து நின்றன. எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, எல்லாம் செத்துப்போச்சு. நான்தான் சாகடிச்சுப் போட்டன்."

நான் ரூஜில் உள்ள என் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவர் தன் வான் வண்டிக்குள் இருந்தார். இறங்கவே மறுத்துவிட்டார்.

விற்றுவிடுங்கள் என்று நான் உட்படப் பலர் சொன்னோம். அவர் மறுபடியும் மிசிசாகாவுக்கு வேலைக்குப் போனார். சாகாமல் எஞ்சிய அடியிலிருந்து முளைத்த தளிர்களை அண்ணி ஒவ்வொன்றாகக் கம்பியில் கட்டி வளர்த்தார். அவை மீண்டும் காய்த்த கோடையில் அண்ணா தானே கத்தரியை எடுத்தார். நான் அருகில் நின்றேன். வெட்டிய முதல் குலையை நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"போடுங்கோ அண்ணா."

"பொறு" என்றார். பிறகு குனிந்து, கொடியின் அடியில் அதை மெதுவாக வைத்தார். அந்தக் கோடை முழுவதும் அப்படித்தான். ஒரு குலையைக்கூட அவர் எறியவில்லை. அந்த ஆண்டுப் பழத்தை ஆலை ஏற்றுக்கொண்டது.

நல்ல அறுவடைகள் சில கண்டார். பிறகு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கடைசிக் கோடையில் அண்ணி குலை வெட்ட, அவர் வரிசை முனையில் கதிரை போட்டு இருந்தார். பழம் பறிக்கத் தொடங்கவிருந்த வாரத்தில் அவரால் விழுங்கவே முடியவில்லை. அண்ணி புதிதாய்ப் பிழிந்த சாற்றைக் கரண்டியில் எடுத்து அவர் உதட்டை நனைத்தார்.

"எப்பிடி இருக்கு?"

"எனக்கு ருசி தெரியேல்லை. நீர் சொல்லும்."

அண்ணி குடித்துப் பார்த்தார். "நல்ல இனிப்பு. புளிப்பும் அளவாத்தான் இருக்கு. கறிமிளகாய் மணம் துளியும் இல்லை."

"அப்ப வெட்டினது சரிதான்" என்றார். அதன்பின் அவர் பேசியது எங்களுக்கு விளங்கவில்லை. மறுநாள் காலையில் அவர் உயிர் பிரிந்தது.

அவரைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தோருக்கும், அண்ணியைத் தனியே விடாமல் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுவந்த அன்ரிமாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உரியது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து வயோதிபர். அண்ணாவின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்ட நாளில் மழை வரப்போகிறது என்றார்கள். மழை பட்டால் பழுத்த குலைகள் அழுகிவிடும். அவர் தன் பழத்தைக் கொடியில் விட்டுவிட்டு, தன் ஆட்களோடு அண்ணாவின் வரிசைகளுக்குள் இறங்கிப் பறித்தார். அதனால் அவர் தகனத்துக்கும் வரவில்லை. சாம்பலோடு நாங்கள் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் நின்றார். கைகளில் பழச்சாயம் போயிருக்கவில்லை. வராததற்கு அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, எல்லாம் ஆலைக்கு ஏற்றியாகிவிட்டது, ஒன்றும் அழுகவில்லை என்றார்.

— தங்கை