நகர்ந்த புள்ளி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. குன்னூர் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் இலை பறிக்கிறேன். அங்கேயே தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சுபாவத்திலேயே பயந்தவள். குக்கர் விசில் வரத் தாமதமானால்கூட வீடே வெடித்துவிடும் என்று வாசலுக்கு வந்து நிற்பேன்.

அப்போது செடிகளைக் கவாத்து வெட்டுகிற சமயம். வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். எங்களுக்கு அதுதான் விறகு. வேலையில்லாத நாளில் மேலே போய்ப் பொறுக்கிக் கட்டி, ஒரு சுமையைப் பாதை வளைவில் இறக்கி வைத்துவிட்டு அடுத்த சுமைக்குப் போவோம். நடந்து வருகிறவர்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். பாதையில் வைக்கக்கூடாது என்று எஸ்டேட்டில் இரண்டு தடவை சொல்லியிருந்தார்கள். யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

சில வாரமாக அந்தப் பாதையில் சைக்கிள்காரர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அது போட்டி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் சேர்ந்து ஓட்டுகிற போட்டி இல்லையாம். அவரவருக்குத் தோதான நாளில் தனியாக வந்து அதே பாதையில் ஓட்ட வேண்டும். எங்கே புறப்பட்டார், எவ்வளவு நேரத்தில் இறங்கினார் என்று போனே கணக்கெடுத்து அனுப்பிவிடும். கொடி கிடையாது, கூட்டம் கிடையாது, விலகச் சொல்ல ஆள் கிடையாது. பக்கத்தில் இருக்கிற எங்களுக்கே தெரியாமல் ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு நல்ல மூடுபனி. இரண்டாவது சுமையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். என் மிலாறுக் கட்டில் சைக்கிள் மாட்டியிருந்தது. ஓட்டியவர் நாலைந்து அடி தள்ளி, பாறைக்குப் பக்கத்தில் கிடந்தார். முப்பது வயது இருக்கும். வலது கால், மடங்கக்கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. ரத்தம் செடியடி மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

கூப்பிட்டால் லைனில் யாருக்காவது கேட்டிருக்கும். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. போலீஸ், கேஸ், வேலை போகும், வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள், மகள் படிப்பு நிற்கும் என்று ஒரே நொடியில் எல்லாம் மனதில் ஓடிவிட்டது. அந்தக் கட்டு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது மட்டும்தான் மிச்சம். கட்டின கயிறோ சைக்கிள் பெடலில் சுற்றி இறுகியிருந்தது. அங்கேயே நின்று அறுத்தால் யாராவது வந்துவிடுவார்களோ என்று, சைக்கிளையும் கட்டையும் சேர்த்தே மேலே சில்வர் ஓக் மரங்கள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். நாற்பது, ஐம்பது எட்டு தூரம் இருக்கும்.

இழுக்கும்போது அவர் கண்ணைத் திறந்தார். "அக்கா... போனுங்க" என்றார். போன் சைக்கிள் கைப்பிடியில்தான் மாட்டியிருந்தது. நான் இழுப்பதை நிறுத்தவில்லை.

மேலே போய்க் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் போன் அடித்தது. திரையில் ஒரு பெண்ணின் படம். அது அடித்து ஓயும்வரை கையில் அரிவாளோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டைப் புதருக்குள் தள்ளி, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுத்தான் லைனுக்கு ஓடினேன். இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னேன். எஸ்டேட் ஜீப் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்து, கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. குன்னூரில் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். காலில் ரத்த ஓட்டம் நின்று நேரமாகிவிட்டது என்றார்களாம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கேஸ்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கையில் ஒரு பை ஆப்பிள் இருந்தது. எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார்.

"நீங்க மட்டும் பாக்கலைன்னா உசுரே போயிருக்கும்னாங்க டாக்டரு. அவருக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே நெனப்பில்லீங்க."

டீ வைத்துக் கொடுத்தேன். அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். கணவர் எங்கே ஓட்டுகிறார் என்று வீட்டிலிருந்தே ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

"இங்க வந்து நின்னுபோச்சுங்க. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. அவரோட கூட்டாளி ஜீப் வெச்சிருக்காரு, கூப்பிடலாம்னு நம்பரெல்லாம் எடுத்துட்டேன். அப்பப் பாத்து புள்ளி நகந்துச்சு. மெதுவா மேல போச்சு. சரி, பஞ்சர் போல இருக்கு, தள்ளிட்டு நடக்கறாருன்னு நெனச்சுட்டேன். சும்மா ஒரு போனு போட்டேன். எடுக்கலை. தள்ளிட்டுப் போறப்ப எங்க எடுப்பாருன்னு துணி தொவைக்கப் போயிட்டேனுங்க."

போனை மடியில் வைத்துவிட்டு, "அந்தக் காலோட அவரு எப்படிங்க நடந்தாரு?" என்று கேட்டார். என்னைக் கேட்டதுபோல் இல்லை. பல நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

எனக்குத் தெரியாதுங்க என்று சொன்னேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். படியிறங்கிப் போகும் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்கப் போன குற்றத்தை இவர் ஆயுசு முழுக்கச் சுமப்பார் என்று தோன்றியது. அதற்கு மேல் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை. பஸ் நிற்கிற இடம் வரை பின்னால் ஓடினேன். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, கயிறு, சைக்கிளை இழுத்தது, அவர் கணவர் போனைக் கேட்டது, அது அடித்தது, எதையும் விடவில்லை.

அவர் திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப அந்தப் புள்ளி நீங்கதானா?"

அவ்வளவுதான் கேட்டார். பஸ் வந்தது. ஏறி, நான் நிற்காத அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வரவில்லை. எஸ்டேட்டிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஆப்பிளை எங்கள் வீட்டில் யாரையும் நான் தின்ன விடவில்லை.

பயந்த சுபாவக்காரர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது என் மகள் கோயம்புத்தூரில் தங்கிப் படிக்கிறாள். அவள் இருக்கும் இடம் என் போனிலும் புள்ளியாகத் தெரிகிறது. அது நின்றால் மட்டும் இல்லை, நகர்ந்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை; கூப்பிட்டு அவள் குரலைக் கேட்ட பிறகுதான் அதை நகர்த்துவது அவள்தான் என்று நம்புகிறேன்.