நோராவின் பன்னிரண்டு சுற்று

நோரா எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது 1915ஆம் வருடம். என் கொழுந்தன் டெஸ்மண்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். எட்டுக் குடம் தண்ணீர் என்றாலும் மூச்சு வாங்காமல் சுமப்பாள். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால் திருதிருவென்று முழிப்பாள். நானோ பெங்களூர் தண்டில், பட்டாளத்தார் குடியிருக்கும் பக்கத்திலேயே பிறந்து, கன்னியாஸ்திரீகளிடம் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா கற்றவள். எங்கள் பேட்டையான பிளாக்பள்ளியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மேசை விரிப்புக்கு "ஜோசஃபினைக் கேளுங்க" என்பார்கள். நோராவைப் பற்றி எழுத உட்கார்ந்து என் பெருமையைப் பேசிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள். அந்தப் புத்திதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கல்யாணமான மறுவருடமே டெஸ்மண்ட் பெரிய யுத்தத்துக்காகச் சாப்பர்ஸ் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குக் கப்பலேறினான். அவன் தச்சன், சண்டை நடக்கிற இடத்தில் பாலம் கட்டப் போனான். ஆகஸ்டில் ஒரு நாள் நோரா என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் குரோஷா எனக்குக் கொஞ்சம் காட்டுறீங்களா? நம்ம வீட்டு மாதா சுரூபத்துக்கு அடியில வைக்க ஒரு வட்டம் போடணும்."

உள்ளதிலேயே சுலபமான வேலை அது. ஆறு சங்கிலி போட்டு வளையமாகச் சேர்த்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அங்கங்கே ஒரு கண்ணில், அதாவது பின்னலின் ஒரு துளையில், இரண்டு போட்டுப் பெருக்கினால் வட்டம் தட்டையாகப் படியும். பெருக்க மறந்தால் ஓரம் கிண்ணம் மாதிரி மேலே எழும்பும். ஒரு மத்தியானத்தில் காட்டிக்கொடுத்துவிட்டேன். அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. காய்ப்பேறிய விரல்களில் நூல் மாட்டி மாட்டி இழுத்தது. பின்னும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தபடி இருந்தது. கண்களை எண்ணுகிறாள் போல என்று நினைத்தேன்.

ஆறு சுற்று வரை ஒழுங்காக வந்தது. அதற்கப்புறம் பெருக்குவதை மறந்துவிட்டாள். பன்னிரண்டாவது சுற்று முடிந்தபோது அதில் கஞ்சி ஊற்றிக் குடிக்கலாம் போல இருந்தது. அழுத்திப் பார்த்தாள், கையை எடுத்ததும் எழும்பிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை, முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குத்தான் பொறுக்கவில்லை. செப்டம்பர் எட்டு மாதா திருவிழா. கோயிலுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள். மாதாவின் காலடியில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தால், யார் பின்னியது என்று கேட்க மாட்டார்கள். ஜோசஃபினின் கை இப்படியாகிவிட்டதே என்றுதான் பேசுவார்கள்.

ஐந்தாம் தேதி காலையில் நோரா சந்தைக்குப் போயிருந்தாள். நான் அந்த வட்டத்தை எடுத்து, வெளிச்சுற்று ஆறையும் பிரித்தேன். அதே நூலோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பின்னி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். பலகை மாதிரி படிந்து கிடந்தது. அவளுக்கு ஒத்தாசை செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நோரா வந்ததும் அதைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"படிஞ்சிடுச்சே" என்றாள்.

"ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அவள் அதைச் சுரூபத்துக்கு அடியில் விரித்தாள். அன்று சாயங்காலம் அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அது சும்மா போட்டது இல்ல, நேர்த்தி. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிப் போட்டேன். வேற கை படாம முழுக்க என் கையாலயே போட்டு வைக்கிறேன், அவரை முழுசா கொண்டாந்து சேர்த்துடு தாயேன்னு வேண்டிக்கிட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. "நல்லது, மாதா கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ட வேண்டிய அவசியமில்லாத குழம்பைக் கிண்டினேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

அந்த மாதக் கடைசியில் கோயிலில் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "மாதா கண் எண்ணிப் பார்க்கிறவள் இல்லை, போய் அந்தப் பெண்ணிடம் சொல்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அவளோடு ஒரே அடுப்பில் சமைப்பவள் நான். மூன்று ஜெபமாலை சொன்னேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

1918இல் டெஸ்மண்ட் திரும்பி வந்தான். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. உயிரோடு வந்தானே என்று எல்லோரும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நான் மூலையில் நின்று கணக்குப் போட்டேன்: பன்னிரண்டு சுற்றில் ஆறு என்னுடையது, இரண்டு கையில் ஒன்று போயிற்று. பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது இன்றுவரை பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை.

அதற்குப் பிறகு நோராவின் வாழ்க்கை என்னவென்றால், அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது, கறியைத் துண்டாக்கித் தட்டில் வைப்பது. தச்சுவேலை போய், அவன் ஒரு மரக்கிடங்கில் காவலுக்கு உட்கார்ந்தான். அவள் பட்டாளத்து வீடுகளுக்குத் துணி இஸ்திரி போட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. குரோஷா ஊசியை மட்டும் அவள் மறுபடி தொடவேயில்லை. நான் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தேன், காய்ச்சல் வந்தால் கண் விழித்தேன். இப்படி ஓர் ஓரகத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று ஊரே என்னைப் புகழ்ந்தது. கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசும்.

1936இல் டெஸ்மண்ட் இறந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து நானும் நோராவும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அவளுக்கும் தலை நரைத்திருந்தது. இனியும் சொல்லாவிட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. தெருவிலேயே நின்று, பிரித்ததையும் பின்னியதையும் பொய் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெரியும்கா" என்றாள் நோரா.

"எப்படிடி?" என்றேன்.

"அன்னிக்குக் கையில எடுத்த உடனே தெரிஞ்சுது. உங்க பின்னல் இறுக்கம், என்னுது தொளதொளன்னு இருக்கும்."

"தெரிஞ்சப்பவே நீயே பிரிச்சுப் போட்டிருக்கலாமேடி."

"நான் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்துச்சு. மூத்தவங்க நீங்க போட்டதை நான் பிரிச்சா உங்களுக்கு எவ்வளவு அவமானம். நீங்களா சொன்னா பிரிச்சுக்கலாம்னுதான் அடுப்படியில வந்து உட்கார்ந்தேன். ராத்திரி பகலா உட்கார்ந்தா ஆறு சுற்று போட்டிருப்பேன். திருவிழாவுக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சுக்கா."

கோபமில்லாமல்தான் சொன்னாள். திட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.