அப்பா பெயரில் ஒரு பிரவுசர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் செய்துகொண்டிருந்த வேலையை வீட்டில் விளக்க முயன்று தோற்றுப்போனேன். பள்ளத்தூரிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்குடிக்குப் போய், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் டாஸும் சொல்லிக்கொடுப்பேன். அதற்குச் சம்பளம் உண்டு, கொஞ்சம்தான். மத்தியானம் வகுப்பு இல்லாத நேரத்தில், மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இன்னொரு வேலை பார்ப்பேன். அதற்குச் சம்பளமே கிடையாது. ஒருநாள் அம்மாவிடம் அதைப் பேக்கேஜ் கட்டுகிற வேலை என்று சொல்லித் தொலைத்தேன். "பொட்டலம் கட்டவா டிகிரி வரைக்கும் படிக்க வச்சோம்?" என்று கேட்டதோடு அம்மா அந்தப் பேச்சை முடித்துக்கொண்டாள்.

யோசித்தால் அம்மா சொன்னதில் பாதி சரிதான். உலகம் முழுக்கப் பலர் கூலி வாங்காமல் கூடி வளர்த்த லினக்ஸ் என்கிற இயங்குதளம் அப்போதுதான் எங்கள் பக்கம் எட்டிப்பார்த்தது. அதில் ஓடக்கூடிய ஒரு பிரவுசரின் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்ட சோர்ஸ் கோடை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டிருந்தார்கள். ஆனால் மூல நிரலை மட்டும் கொடுப்பது, பசித்தவனிடம் நெல்லைக் கொடுப்பது மாதிரி. அதை ஓடும் நிரலாக மாற்ற வேண்டும். எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும், கூடவே வேறு எந்த நிரல்கள் இருந்தாக வேண்டும், வேண்டாமென்று நீக்கினால் எதையெல்லாம் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்று குறிப்பெழுத வேண்டும். அப்போதுதான் முன்பின் தெரியாத ஒருவர் ஒரே கட்டளையில் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள முடியும். லினக்ஸைத் தொகுத்துச் சிடியாக வெளியிடும் வெளிநாட்டுக் குழு ஒன்றில் மெயில் வழியாகச் சேர்ந்திருந்தேன்; அங்கே அந்தப் பிரவுசருக்கு இதைச் செய்கிற ஆள் நான்.

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். நிரலை ஓட்டத்துக்குத் தயார் செய்ய ஒரு மத்தியானம் முழுக்கப் பிடிக்கும். முடிகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். அனுப்பிய பிறகு, உன் பிரவுசர் இங்கே திறக்கவே இல்லை என்று எங்கிருந்தோ மெயில் வரும். என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே என்று சண்டைக்குப் போவேன். அப்புறம்தான் புரியும்: பிரவுசருக்குத் தேவையான இன்னொரு நிரல் என்னிடம் முன்பே இருந்திருக்கிறது, அவரிடம் இல்லை. நம் வீட்டில் இருப்பதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று நினைக்கிற புத்தி அது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெற்றுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தே அனுப்பினேன்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் சர்ச்சின் பங்குத் தந்தைதான் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். அங்கே கணக்கு ஆசிரியை இடம் ஒன்று காலியானதும், அப்பா எனக்காகப் பேசி வைத்துவிட்டார். ஜூனில் சேர வேண்டும். சேர்ந்தால் சாகும்வரை கவலையில்லை. ஆனால் சென்டரை விட்டால் கம்ப்யூட்டரும் இல்லை, போன் லைனும் இல்லை, என் பிரவுசரும் இல்லை. யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று நாளைக் கடத்தினேன். ஒருநாள் அப்பா நேராகவே கேட்டார்.

"யாருன்னே தெரியாத ஆளுகளுக்கு வேலை செய்யிற. நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா அவுகள்ல யாரும்மா வந்து நிப்பாக?"

திங்கட்கிழமை போய்ச் சம்மதம் சொல்லிவிடுவதாக ஒத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்பா மேல் வந்த கோபத்தைவிட, பதில் சொல்லத் தெரியாத என் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

சனிக்கிழமை வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அப்பா பெயருக்கு. உள்ளே புது வெளியீட்டின் சிடியும், உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லும் அச்சிட்ட தாளும் இருந்தன. பிரவுசருக்கு நேராக அப்பாவின் பெயர் முழுசாக இருந்தது. அதற்கு முன்னால் என் பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி. குழுவில் சேரும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டார்கள். நம்மிடம் ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரைப் போட்டுவிட்டேன். நம் ஊரில் அப்பா இனிஷியல், நான் பெயர். அவர்கள் ஊரில் நான் இனிஷியலாகிவிட்டேன்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவோ அப்பா பெயர் வெளிநாட்டில் அச்சாகியிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் ஆளாளுக்கு அப்பா கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சிரித்துக்கொண்டே கை கொடுத்தவர், வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல நான் செஞ்சது என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. பேரு மட்டும்தான் ஒங்களுது."

அவர் அந்தத் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலைப் பூசையிலிருந்து திரும்பியவர், காரைக்குடிக்குத் தானும் வருவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமா என்று கேட்டேன். முதலில் உன் இடத்தைப் பார்க்கலாம் என்றார். சென்டர் முதலாளி நாற்காலி எடுத்துப் போட்டார். அப்பா பார்க்க வேண்டும் என்றதும் பிரவுசரைத் திறந்தேன். அது அரை நிமிஷம் நின்று, பட்டென்று தானாக மூடிக்கொண்டது.

"இதுக்கா நன்றி சொன்னாக?"

அடுத்த தடவை வந்துவிடும் என்றேன். நல்லவேளை, வந்தது. அப்பா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் குழுவுக்கு ஒரு மெயில் அடிக்கச் சொல்லி, வகுப்பில் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னார். இந்த வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, செய்தது முழுக்க என் மகள், அவள் பெயரை முழுதாகப் போடவும் என்று. என் பெயரைத் தனி வரியில் அடிக்க வைத்தார். விட்டுப்போன ஒரு கமாவைச் சுட்டிக்காட்டினார். மோடம் கத்தி ஓய்ந்து மெயில் போய்ச் சேர்ந்தது.

"காலையில பூசை முடிஞ்சதும் ஃபாதர்ட்ட சொல்லிட்டேன்" என்றார். "அந்த எடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிருவாக."

எனக்கு நம்ப முடியவில்லை. "நீங்கதானப்பா அந்த வேலை வேணும்னு நின்னீக?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு. அதுக்காக ஒன்னப் பள்ளிக்கூடத்துல போட்டு, வேலை செஞ்ச ஆள இல்லன்னு ஆக்கிற முடியுமா?"

சந்தோஷத்தில் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் முதல்முறையாக எனக்கும் பயம் வந்தது. அதுவரை பயப்படுகிற வேலையை என் பங்குக்கும் சேர்த்து அப்பாதான் பார்த்துக்கொண்டிருந்தார்.